நாட்டிங்ஹாம் மரை

எண்ணூர் விரைவுச் சாலையில் விளக்கில்லாமல் நின்ற டிரெய்லர் ஒன்றின் பின்பக்கம் போய் முட்டியது அந்தச் சைக்கிள். ஓட்டி வந்தவருக்கு மணிக்கட்டில் ஒரு கட்டோடு போயிற்று. சைக்கிளுக்கு அப்படிப் போகவில்லை. முன்சக்கரம் எட்டாகிவிட்டது, ஃபோர்க் உள்வாங்கிவிட்டது, ஹேண்டில் கழுத்தை ஒட்டி மேல்பாரும் கீழ்பாரும் மடிந்துவிட்டன. மறுநாள் மீன்பாடி வண்டியில் ஏற்றி, திருவொற்றியூர் தேரடிப் பக்கம் ஒரு மெக்கானிக் கடையில் இறக்கினார்கள்.

மெக்கானிக் கழுத்துக் குழாயில் நூலைச் சுற்றி, பின்சக்கரம் உட்காரும் கவை வரை இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டிப் பார்த்தார். பிறகு மடிப்பை விரலால் தடவினார். "வளைஞ்சிருந்தா நிமித்திடலாம்ணே. இது மடிஞ்சிருக்கு. நிமித்துனாலும் அதே எடத்துல ஒரு நாள் விட்டுடும்." கடை வாசலில் நின்ற யாரோ காயலாங்கடைக்குப் போடச் சொன்னார்கள். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த காலமும் போய்விட்டது; இப்போது தராசு மட்டும்தான்.

பின்சக்கரத்து ஹப்பை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தபோது எழுத்து தெரிந்தது: ஸ்டர்மி ஆர்ச்சர், ஏ.டபிள்யூ., 51, 3. முதலில் ஹப் செய்த கம்பெனியின் பெயர்; கடைசி இரண்டு எண்களும் ஹப் தயாரான ஆண்டும் மாதமும், 1951 மார்ச். நாட்டிங்ஹாமில் செய்து, கப்பலில் மதராஸ் துறைமுகம் வந்த ராலி சைக்கிள். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் கடைசிவரை ஓட்டி, மகனிடம் விட்டுப்போன வண்டி. அது வந்த சமயத்தில்தான் இந்த ஊரிலேயே சைக்கிள் செய்ய ஆரம்பித்திருந்தார்கள். பர்மிங்ஹாமின் ஹெர்குலிஸ் கம்பெனியை 1946இல் வாங்கியிருந்த டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனம், 1949இல் முருகப்பா குழுமத்தோடு கூட்டுச் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. 1951இல் அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸ் வெளிவந்தது. அந்த ஆங்கிலேயக் கம்பெனியின் தலைவர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டின் பெயரில் அம்பத்தூரில் இன்றும் ஒரு மருத்துவமனை இருக்கிறது.

கழற்றும் வேலையில் பொறுமையைச் சோதிப்பது காட்டர் பின். கிராங்கையும் ஆக்சிலையும் பிணைக்கிற சாய்வான சின்ன ஆணி. எழுபது வருஷத்து உப்புக்காற்றில் அது கிராங்கோடு கிராங்காகிவிட்டிருந்தது. முந்தின ராத்திரியே மண்ணெண்ணெய் ஊற்றி வைத்திருந்தார் மெக்கானிக். காலையில் நட்டை முழுக்கக் கழற்றாமல், மரையின் நுனி மட்டத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். அடி விழுந்தால் மரை நசுங்கக் கூடாது. கிராங்குக்கு அடியில் ஒரு இரும்புக் குழாயை நேராக முட்டுக் கொடுத்தார். முட்டு இல்லாமல் அடித்தால் அந்த அடி பால்ரஸில் இறங்கி கப்பில் குழி விழுந்துவிடும். அப்புறம் ஒரே அடி, தயங்காமல். தயங்கித் தயங்கி அடிக்கிறவனுக்கு ஆணி வளையும், கழறாது. ஆணி கழன்று கிராங்க் கையோடு வந்தது. அதன் பல்சக்கரத்தில் மூன்று கொக்குத் தலைகள் வெட்டியிருந்தன, ராலியின் சின்னம்.

பகட்டான பாகங்கள் நிலைக்கும், சாதாரணமானவை காயலாங்கடைக்குப் போகும் என்று நான் நினைத்திருந்தேன். நடந்தது வேறு. பாகத்தின் விதியை முடிவு செய்தது அதன் மரை. இங்கிலாந்துச் சைக்கிள்களில் மிதிக்கட்டை ஆக்சில் சுழலும் கப்புக்கு அங்குலத்துக்கு 24 மரை என்பது பொது அளவு. பி.எஸ்.ஏ., ஹெர்குலிஸ் எல்லாம் அதற்குள் அடங்கின. ராலி மட்டும் 26 வெட்டியது. கழுத்துக்கும் அதே 26. ஒருமுறை ராலி வாங்கினால் உதிரிப் பாகத்துக்கும் ராலியிடமே வர வேண்டும். தரத்துக்காகச் செய்தார்கள் என்று சொல்லுகிறவர்கள் உண்டு. எனக்கு அது வியாபாரச் சாமர்த்தியம் என்றே படுகிறது. மெக்கானிக் ஒரு ஹெர்குலிஸ் கப்பை எடுத்து அந்த ஃபிரேமில் வைத்துத் திருகிக் காட்டினார். ஒரு சுற்றுக்குள் இறுகி நின்றது. ராலியின் கப் இரண்டிலும் ஒரு கீறல் இல்லை, பளபளவென்றிருந்தன. திரும்பப் பூட்டி ஃபிரேமோடேயே விட்டுவிட்டார். "எதுல போடறது?"

பொது அளவில் இருந்ததெல்லாம் ஊர் சுற்றப் போயிற்று. பெடல் மரை அநேகமாக எல்லா வண்டிக்கும் ஒன்றே, இடது பெடலுக்கு இடது மரை. அவை ஒரு பள்ளிப் பையனின் வண்டிக்குப் போயின. பிரேக் கம்பிகளும் கொக்கிகளும் காசிமேட்டில் மீன்பெட்டி கட்டி ஓட்டுகிறவரின் சைக்கிளுக்கு. அடிபடாத பின் ரிம், 28க்கு ஒன்றரை அளவு. இங்கிலாந்தில் தேடி அலைய வேண்டிய அளவு அது. இங்கே எந்தக் கடையிலும் அதற்கு டயரும் டியூபும் தொங்கும். அம்பத்தூர்க்காரர்கள் அந்த அளவை விடாமல் பிடித்துக்கொண்டதால் வந்த லாபம். புரூக்ஸ் தோல் சீட்டை மட்டும் மகன் வீட்டுக்கு எடுத்துப் போனார். அப்பா உட்கார்ந்து உட்கார்ந்து அவர் உடம்புக்குப் படிந்த சீட், இன்னொருவருக்கு ஒத்து வராது.

ஃபிரேம் தராசு ஏறியது. வடசென்னைப் பழைய இரும்பில் ஒரு பங்கு கும்மிடிப்பூண்டி உலைகளில் உருகி, கட்டடக் கம்பியாகிறது. இதுவும் அந்த வழியில்தான் போனது, கப் இரண்டோடும்.

மிச்சம் ஹப். மூன்று கியர்: நடுவில் நேர் விகிதம், ஏற்றத்துக்கு அதில் முக்கால், வேகத்துக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல். உள்ளே பற்களும் சுருள்வில்களும் எண்ணெயில் மிதந்தபடியே இருந்ததால் துரு எட்டிப் பார்க்கவில்லை. எண்ணெய் சதா வெளியே கசிகிற ஹப்பில் உப்பும் தண்ணீரும் உள்ளே நுழைவது கடினம். ஒழுகுகிறது என்று பலரும் திட்டுகிற குறை அதைக் காப்பாற்றியிருக்கிறது. நாற்பது துளை. நம்மூர்ப் பின் ரிம்மும் நாற்பது துளை. புது ஸ்போக்ஸ் கோத்து, கோட்டம் எடுத்து, பின் கவையை அரத்தால் கொஞ்சம் அகலப்படுத்தி, ஒரு பழைய அம்பத்தூர் ஹெர்குலிஸில் பூட்டியாயிற்று.

மகன் இப்போது ஓட்டுவது அந்த வண்டிதான். மேம்பாலம் ஏறும்போது முதல் கியர் நன்றாகப் பிடிக்கிறது. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் மட்டும் சிலசமயம் மிதி வெறுமனே சுற்றிவிடுகிறது. கேபிள் தளர்ந்தால் இந்த ஹப்பில் அப்படித்தான் ஆகும். கேபிள் முனையில் இருக்கிற குட்டிச் சங்கிலி தேய்ந்துவிட்டது. ஸ்டர்மி ஆர்ச்சர் 2000இல் தைவானுக்குக் கைமாறிய பிறகும் அதே சங்கிலியைச் செய்கிறார்கள், மரையும் மாறவில்லை. ஒன்று வரவழைக்கச் சொல்லியிருக்கிறார் மெக்கானிக்.