ஸ்ரீவில்லிபுத்தூர் – ராஜபாளையம் மலையடிவாரம்

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு எல்லையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவை ஒட்டி அமைந்த நிலப்பகுதி. வடக்கே வத்திராயிருப்பு, தெற்கே சேத்தூர் வரை நீளும் இதில் ஸ்ரீவில்லிபுத்தூரும், ஏறத்தாழ 11 கி.மீ. தள்ளியுள்ள ராஜபாளையமும் பெரிய ஊர்கள். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடமேற்கே சிறு குன்றின்மேல் சீனிவாசப் பெருமாள் கோயில் கொண்ட ஊருக்கும் திருவண்ணாமலை என்றே பெயர். அண்ணாமலையார் கோயில் உள்ள ஊர் வேறு. புரட்டாசி சனிக்கிழமைகளில் இந்தப் பெருமாள் கோயிலில் கூட்டம் தாங்காது.

தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கு மலைக்கு அப்பால் கேரளப் பக்கமே பெய்துவிடுகிறது. இந்தப் பக்கத்துக் கண்மாய்கள் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியே இருக்கின்றன. மலையிலிருந்து இறங்கும் ஓடைகளும் சிற்றாறுகளும் வைப்பாற்றுடன் சேர்ந்து மன்னார் வளைகுடாவை அடைகின்றன. வத்திராயிருப்பை அடுத்த பிளவக்கல் அணைகளும், ராஜபாளையத்துக்குக் குடிநீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கமும் இந்த மலைநீரைத் தேக்குபவை.

அடிவாரத்தில் தென்னையும் மாவும், சற்றுக் கிழக்கே கரிசலில் பருத்தியும் விளைகின்றன. ராஜபாளையத்துச் சப்பட்டை மாம்பழத்துக்குச் சந்தையில் தனி மதிப்பு. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. விஜயநகர ஆட்சிக் காலத்தையொட்டித் தெற்கே வந்த தெலுங்கு பேசும் ராஜுக்கள் ராஜபாளையத்தில் வேரூன்றினர். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதல்வராக இருந்த பூ. ச. குமாரசாமி ராஜா இவ்வூர்க்காரர். 1936-இல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ், ஊரை நூற்பாலை நகரமாக்கியது. பக்கத்துச் சத்திரப்பட்டியின் விசைத்தறிகளில் நெய்யப்படுவது மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி.

மலையின் பழங்குடிகள் பளியர். ஸ்ரீவில்லிபுத்தூர்த் தலபுராணம் ஊரை உண்டாக்கியவன் வில்லி என்ற வேடன் என்கிறது. அந்த வேடனையும் பளியரையும் இணைக்கச் சான்று இல்லை. காட்டு மனிதனை முதல்வனாக வைத்துத் தன் கதையைத் தொடங்கும் ஊர் இது என்பது மட்டும் கவனிக்கத்தக்கது. பளியர் பேசுவது தமிழ்தான். காட்டு வள்ளிக்கிழங்கு தோண்டுவதும் பாறையிடுக்குகளில் தேன் எடுப்பதும் அவர்களின் பழைய வாழ்வு. கடுக்காய், நெல்லிக்காய் போன்றவற்றைத் திரட்டிக் கீழே கொடுத்து அரிசி, துணி வாங்கினர். 1960-களில் பளியரிடையே தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர், யாரும் யாரையும் அதிகாரம் செய்யாத, சச்சரவு முற்றுமுன் ஒதுங்கிச் சென்றுவிடுகிற சமூகம் என்று இவர்களை விவரித்தார். சமவெளிக்காரர்கள் இதைக் கோழைத்தனம் என்று எண்ணியதுண்டு. அது பளியர் மதித்துக் காத்த ஒழுக்கம்.

1988-இல் மலைக்காடு சாம்பல் நிற அணில் சரணாலயமானது. 2021-இல் மேகமலையுடன் சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. தமிழகத்தின் ஐந்தாவது புலிகள் காப்பகம் இது. காட்டுக்கு அந்தப் பாதுகாப்பு தேவைதான். ஆனால் வனப்பொருள் சேகரிப்பு வனத்துறையின் அனுமதிக்கு உட்பட்டதால், செண்பகத்தோப்பு, அய்யனார் கோயில், தாணிப்பாறை போன்ற அடிவாரக் குடியிருப்புகளில் வாழும் பளியரில் பலருக்குத் தோப்புக் காவலும் கூலி வேலையும் பிழைப்பாயின. காட்டில் வாழ்வோரின் நில உரிமையையும் வனப்பொருள் உரிமையையும் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஏற்கிறது.