வள்ளியும் பச்சைவள்ளியும்

சங்ககாலத் தமிழன் சர்க்கரைவள்ளிக்கிழங்கு தின்றான் என்று இன்னும் மேடையில் பேசுகிறார்கள். சான்று கேட்டால் புறநானூற்றின் 109ஆம் பாட்டைக் காட்டுகிறார்கள். பறம்பு மலையில் உழாமலே விளைவன நான்கென்று அடுக்கும் கபிலர் அவற்றுள் வள்ளிக்கிழங்கையும் சொல்வது உண்மைதான். ஆனால் அது மலைக்காட்டுக் கொடியின் கிழங்கு. தாவர நூலார் டயாஸ்கோரியா என்று வகுக்கும் இனம். சர்க்கரைவள்ளியோ அமெரிக்க மண்ணுக்குரியது; 1492க்குப் பிறகே கடல் கடந்து இங்கே வந்தது. சொல் பழையதென்றால் பொருளும் பழையதாகிவிடுமா? மிளகு தொன்மையானது, மிளகாய் வந்தேறி என்று ஒப்புகிறவர்கள் வள்ளியில் மட்டும் தடுமாறுவது வியப்பே.

வள்ளி என்பது முதலில் கொடிக்கே பெயர். வளைவுப் பொருள் தரும் வள் என்னும் வேரிலிருந்து வளை, வளையம் முதலியவற்றோடு இதையும் கொள்வது பாவாணர் வழி. 1956 முதல் 1961 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருந்த அவர் வேர்ச்சொல் ஆய்வையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டவர். வடமொழி வல்லியிலிருந்து வந்தது என்பாருக்குக் கன்னடத்தின் பள்ளியும் மலையாளத்தின் வள்ளியுமே போதிய விடை. இரண்டிலும் ளகரம் நிற்கிறது, இரண்டும் கொடியையே குறிக்கின்றன. கபிலரும் கிழங்கைத் தனியே சொல்லித்தான் தெளிவுபடுத்துகிறார். பின்னாளில் தமிழில் கொடியின் பெயர் கிழங்குக்கு இறங்கியது. மரவள்ளி இதற்கு அசைக்க முடியாத சான்று. அது கொடியே அன்று, நிமிர்ந்து வளரும் செடி. கொடிப்பொருள் உயிரோடு இருந்திருந்தால் மரத்தையும் வள்ளியையும் ஒட்டவைக்க யாருக்கும் நா எழுந்திராது.

இப்போது பச்சையாகவே தின்னும் ஜிகாமா என்ற கிழங்குக்குத் தமிழில் என்ன பெயர் என்பதே கேள்வி. மெக்சிகோவின் நாவாட்டில் மொழியார் வைத்த பெயர் ஸ்பானியர் வாயில் ஜிகாமா ஆயிற்று. மணிலாவுக்குப் போய்ச் சிங்கமாஸ் ஆயிற்று. வங்காளியர் அதன் வெண்மை கண்டு சங்குக் கிழங்கு என்ற பொருளில் சாங்க் ஆலு என்றார்கள். சரசுவதி பூசையில் பச்சையாகவே படைக்கிறார்கள். அந்த ஆலுவும் உருளைக்கிழங்கு வருமுன்னரே வேறு கிழங்குகளுக்கு வழங்கிய சொல்தான். மலாயில் ஜிகாமா செங்குவாங். பரங்கிப்பேட்டை உள்ளிட்ட சோழமண்டலக் கரையிலிருந்து போன முஸ்லிம் வணிகரின் பெயரால் பினாங்கில் சூலியா தெரு இருக்கிறது. பினாங்குத் தமிழ் முஸ்லிம்களின் பசம்பூர் என்ற கலவை உணவில் செங்குவாங்கைப் பச்சையாகத் துருவிப் போடுவார்கள். பரங்கி என்ற அடையிட்டே பரங்கிக்காய்க்கும் அந்த ஊருக்கும் பெயர் வைத்தவர்கள் நாம். பழஞ்சொல்லோடு ஓர் அடை சேர்த்துப் புதுப்பொருளை வீட்டுக்குள் அழைப்பதே தமிழின் வழக்கம்.

இந்தக் கிழங்குக்குரிய அடை அதைத் தின்னும் முறையிலேயே இருக்கிறது. கத்தியால் நுனியைக் கீறி உரித்தால் பழுப்புத் தோல் பட்டையாகக் கழன்று வரும். அடியிலுள்ள நாரையும் சீவிவிட்டுத் துண்டு போட்டு, உப்பு, மிளகாய்த்தூள், எலுமிச்சைச் சாறு சேர்த்தால் போதும். அடுப்பு வேண்டியதில்லை. மரவள்ளியைப் பச்சையாகத் தின்றால் நஞ்சு. காட்டுவள்ளியில் பலவற்றை வேகவைக்காமல் வாயில் வைக்க முடியாது. சர்க்கரைவள்ளியையும் பச்சையாகக் கடிக்கலாமே என்பர்; கடிக்கலாம், ஆனால் அவித்தும் சுட்டும் தின்பதற்கே அதைப் பயிரிடுகிறோம். புழுங்கலுக்கு எதிரே பச்சரிசி நிற்பதுபோல் அவியும் வள்ளிகளுக்கு எதிரே இது பச்சைவள்ளி. அவரையினத்துக் கொடியான இதற்கு வள்ளி பொருந்துமா என்ற தடைக்கு மரவள்ளியே விடை சொல்லிவிட்டது. மேலும் இதன் விதையில் ரோட்டினோன் என்னும் நஞ்சு உண்டு. ஆகவே கிழங்கை மட்டுமே சுட்டும் பெயர்தான் வேண்டும். வள்ளி இன்று தமிழில் கிழங்கையே சுட்டுகிறது. கரும்பைக் கடித்தே தின்று பழகிய தமிழர் நாவுக்குப் பச்சைவள்ளி அயலாகாது. கபிலரின் வள்ளி வேறு என்று அறிந்தே இந்தப் பெயரை இடலாம் என்பது என் துணிபு.