அல்லியரிசி

ஆதிச்சநல்லூர்ப் பரம்பைக் காணச் சென்ற நாங்கள், விடியற்காலையில் வழியிலிருந்த குளத்தில் வெள்ளாம்பலைப் படமெடுத்தோம். இரவில் மலரும் பூ அது. வெயில் ஏறினால் கூம்பிவிடும்.

இப்பூவுக்கு உணவு வரலாறும் ஒன்று உண்டு. பூ வாடியபின் காய் நீருக்குள் அமிழ்ந்து முதிரும். அதனுள் நிறைந்திருக்கும் சிறு விதைகளே அல்லியரிசி. புறநானூற்றின் 248ஆம் பாடலில் ஒக்கூர் மாசாத்தனார் கணவனை இழந்த ஒரு பெண்ணைப் பேச வைக்கிறார். இளமையில் அவளுக்குத் தழையாடையாக உதவிய வெள்ளாம்பல், இப்போது வேளை தவறி உண்ணும் கைம்மை உணவாகிவிட்டது. அவள் இரங்குவதோ ஆம்பலுக்காக.

ஆதிச்சநல்லூரில் 1899 முதல் அகழாய்வு செய்த அலெக்சாண்டர் ரீ, தாழிகளிலிருந்த கலயங்களில் நெல் உமியும் சிறுதானிய உமியும் கண்டார். தாழிகளின் காலமும் பாடலின் காலமும் ஒன்றென நாங்கள் சொல்லவில்லை. ஆயினும், மாண்டவர்க்குப் படைத்த தானியத்தின் தடயத்தை மண் காத்துத் தந்திருக்கிறது. பின்னே எஞ்சிய பெண் உண்டதை அறிய நமக்கு இத்தகைய பாடல்களே துணை.

எங்கள் படத்தில் பூ மட்டுமே விழுந்திருக்கிறது. காய் நீருக்கடியில் இருந்தது.