சின்னமனூர் மலைச்சரிவும் விமானிகளின் நெருக்கடி மனப்பாடமும்

1971 டிசம்பர் 9 அன்று மதுரையில் இறங்க வந்துகொண்டிருந்த இந்தியன் ஏர்லைன்ஸின் ஆவ்ரோ விமானம் ஒன்று சின்னமனூர் அருகே மலையில் மோதியது. அதில் இருந்த 31 பேரில் 21 பேர் இறந்தனர். வங்கதேசப் போர் உச்சத்தில் இருந்த வாரம் அது. போரைப் பற்றி அலமாரி நிறைய நூல்கள் உண்டு. போடிநாயக்கனூருக்குத் தெற்கே, நேர்கோட்டில் ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் நடந்த இந்த விபத்தோ விபத்துப் பட்டியல்களில் ஓரிரு வரியாகவே கிடக்கிறது. விமானிகள் நெருக்கடி நடைமுறைகளை மனப்பாடம் செய்யும் வழக்கம் எப்படி வளர்ந்தது என்று ஆராய்கிறவர்கள் அந்த ஓரிரு வரியில் நின்று யோசிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். போடி, சின்னமனூர், கம்பம் ஆகிய ஊர்கள் இருக்கும் பள்ளத்தாக்கை மேற்கே ஏலமலைத் தொடரும் தெற்கே மேகமலையும் அணைத்து நிற்கின்றன. போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலை சில பத்து கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயர்ந்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்று கொண்டுவரும் மேகம் இந்தக் கிழக்குச் சரிவுகளில்தான் வந்து முட்டும். ஏலத்தோட்ட வேலைக்கு விடியலில் ஜீப் ஏறுகிறவர்களுக்கு இது தெரியும். கொண்டை ஊசி வளைவில் முன்னால் போகும் வண்டியின் பின்விளக்குகூடச் சில நாள்களில் கண்ணுக்கு அகப்படாது. அன்றும் பார்வைத்தெளிவு குறைவுதான், பகல் நேரமாக இருந்தும். உயர்ந்த நிலத்துக்கு மேல் பறக்கிறோம் என்று அறியாமல் இறங்கிய விமானத்தை மலை எதிர்கொண்டது.

இத்தகைய விபத்துகளை விமானப் பாதுகாப்புத் துறை தனி இனமாகவே வைத்திருக்கிறது. எஞ்சினில் கோளாறு இருக்காது; இறக்கை முறிந்திருக்காது; விமானம் முழுக்க விமானியின் கட்டுப்பாட்டில் இருக்கும். அப்படியே போய் நிலத்தில் மோதும். எஞ்சின் தீப்பிடித்தால் என்ன செய்வது, கேபின் காற்றழுத்தம் இறங்கினால் என்ன செய்வது என்றெல்லாம் 1971இன் விமானிகளும் நெட்டுருப் போட்டிருந்தார்கள். ஆனால் மேகத்துக்குள் மலை நிற்கிறது என்று சொல்ல விமான அறையில் எந்த மணியும் இல்லை. நெருக்கடி வந்துவிட்டது என்று தெரிந்தால்தானே நினைவிலிருந்து எதையாவது எடுக்க முடியும்? மனப்பாடத்தின் வரலாறு, அதைத் தட்டி எழுப்பும் எச்சரிக்கையின் வரலாறும்கூட. பயிற்சி நூல்கள் முதல் பாதியை விரிவாகச் சொல்கின்றன. இரண்டாம் பாதிக்கு அவ்வளவு இடம் தருவதில்லை.

முதல் பாதி 1935 அக்டோபர் 30இல் தொடங்குகிறது. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் உள்ள ரைட் ஃபீல்டில் போயிங் நிறுவனத்தின் மாடல் 299 குண்டுவீச்சு விமானம் சோதனைக்காக மேலெழுந்து, உடனே நிலைகுலைந்து விழுந்தது. தரையில் நிற்கும்போது காற்றில் ஆடாமலிருக்க வால் பகுதியில் போட்டிருந்த பூட்டை விடுவிக்க மறந்திருந்தார்கள். ஓட்டியவர் தேர்ந்த விமானி. திறமை இருந்தும் மறதி கொன்றது என்பதால், புறப்படும் முன் செய்ய வேண்டியவற்றைத் தாளில் எழுதி வாசிக்கும் வழக்கம் பிறந்தது. அதுவே இன்றைய செக்லிஸ்டின் மூதாதை.

தாள் வந்ததும் அடுத்த சிக்கல் எழுந்தது. தாளைப் புரட்டவே நேரமில்லாத நெருக்கடியில் என்ன செய்வது? அமெரிக்க விமானப்படை அத்தகைய படிகளைத் தடித்த எழுத்தில் அச்சிட்டது. ஒரு சொல் பிசகாமல் அவற்றை எழுதிக் காட்டினால்தான் விமானியைப் பறக்க விடுவார்கள். பயணியர் விமானங்களில் அவற்றுக்கு ‘மெமரி ஐட்டம்ஸ்’ என்று பெயர். முதல் சில படிகளை நினைவிலிருந்து செய்ய வேண்டும். நிலைமை கைக்குள் வந்தபின் கையேட்டைத் திறந்து, செய்தது சரிதானா என்று வாசித்துச் சரிபார்த்து, மீதியைத் தொடர வேண்டும். 35,000 அடியில் காற்றழுத்தம் திடீரென்று போனால் தெளிவோடு செயல்பட விமானிக்குக் கிடைப்பது அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரைதான். ஆக்சிஜன் முகமூடியை மாட்டச் சொல்லும் வரியைக் கையேட்டில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

இந்த நெட்டுரு பள்ளிக்கூடத்து வாய்ப்பாடு போல வாயால் மட்டும் வருவதன்று. விமான அறையின் கருவிப்பலகையை அதே அளவில் அச்சிட்ட படங்களைச் சுவரில் ஒட்டி, பயிலும் விமானி அதன் முன் நாற்காலி போட்டு உட்கார்கிறார். ஒவ்வொரு படியையும் வாய்விட்டுச் சொல்கிறபோதே அந்தந்தச் சுவிட்சின் படத்துக்குக் கை போக வேண்டும். எதிரில் ஒருவர் அமர்ந்து துணை விமானியின் பதிலைச் சொல்வார். சொல், கை, கண் மூன்றும் ஒன்றாகப் பழகியபிறகே சிமுலேட்டர். இந்தியாவில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அங்கே தேர்வு உண்டு. எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் விலக்கில்லை.

இரண்டாம் பாதிக்கு வருவோம். கனடாவில் பிறந்த பொறியாளர் டான் பேட்மேன் 1960களின் இறுதியில் நிலம் நெருங்குவதை எச்சரிக்கும் கருவியை உருவாக்கினார். 1974 டிசம்பர் 1இல் டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் போயிங் 727 வர்ஜீனியாவில் ஒரு குன்றில் மோதி 92 பேரும் இறந்தனர். சின்னமனூரில் நடந்தது போன்றே, இறங்கும் வழியில் நடந்த விபத்து. அதன்பிறகே அமெரிக்கா இக்கருவியைக் கட்டாயமாக்கியது. மற்ற நாடுகள் பின்தொடர்ந்தன. இனி மலைக்கும் ஒரு மணி உண்டு என்று ஆனதும், அந்த மணிக்கு உரிய மனப்பாடமும் பிறந்தது.

அந்த மனப்பாடம் இதுதான். ‘புல் அப்’ என்று கருவி கத்தியதும் தானியங்கி ஓட்டத்தைத் துண்டிக்க வேண்டும். எஞ்சினுக்கு முழு விசை கொடுக்க வேண்டும். இறக்கைகளைச் சமநிலைக்குக் கொண்டுவந்து மூக்கை உயர்த்த வேண்டும். வேகம் குறைக்க இறக்கைமேல் எழும் தடுப்புப் பலகையான ஸ்பீட்பிரேக் எழுந்திருந்தால் மடக்க வேண்டும். சக்கரத்தையும் ஃபிளாப்பையும் இருந்தபடியே விட வேண்டும். மலை தாண்டியாயிற்று என்பது உறுதியாகும்வரை கூட்டாளி உயரமானியைப் படித்துச் சொல்லிக்கொண்டே இருப்பார். ஏன் எச்சரிக்கை வந்தது என்ற ஆராய்ச்சிக்கு இதில் எந்தப் படியிலும் இடமில்லை. முதலில் ஏற வேண்டும், காரணம் பிறகு.

ஒரே ஒரு படி விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதை 1995 டிசம்பர் 20 காட்டியது. கொலம்பியாவின் காலி நகருக்கு இறங்கிய அமெரிக்கன் ஏர்லைன்ஸின் போயிங் 757இல் எச்சரிக்கை ஒலித்தது. விமானிகள் விசையைக் கூட்டி மூக்கை உயர்த்தினார்கள். ஆனால் இறங்குவதற்காக எழுப்பியிருந்த ஸ்பீட்பிரேக்கை மடக்கவில்லை. 159 பேர் மாண்டனர், 4 பேர் தப்பினர். பழைய கருவியின் குறையும் அங்கே வெளிப்பட்டது. அது நேர் கீழே உள்ள தூரத்தை மட்டும் அளந்தது. செங்குத்தாக எழும் சரிவில் எச்சரிக்கை காலம் தாழ்ந்தே வரும். சின்னமனூரில் மோதிய ஆவ்ரோவில் அக்கருவி இருந்திருந்தாலும், போடிச் சரிவைப் போன்ற நிலத்தில் எவ்வளவு அவகாசம் கிடைத்திருக்கும் என்பது கேள்விதான். பேட்மேன் குழு அப்போதே மாற்றுக் கருவியை உருவாக்கிக்கொண்டிருந்தது. உலகின் நிலவரைபடத்தையே கருவிக்குள் ஏற்றி, விமானத்தின் பாதையில் முன்னால் இருப்பதைக் காட்டும் கருவி அது. சோவியத் ஒன்றியம் சிதறியபின் விற்பனைக்கு வந்த அதன் இராணுவ வரைபடங்கள் இதற்குப் பெரிதும் உதவின. இன்று பெரிய பயணியர் விமானங்களில் இது கட்டாயம்.

எச்சரிக்கை தெளிவாக இல்லாவிட்டால் மனப்பாடம் வீண் என்பதற்கு 2005 ஆகஸ்ட் 14இல் நடந்த ஹீலியோஸ் நிறுவன விமானத்தின் விபத்தே போதும். அந்த போயிங் 737இல் காற்றழுத்தம் ஏறாததை அறிவிக்கும் ஒலியும், புறப்பாட்டுக்கு விமானம் தயாராக இல்லை என்று தரையில் எச்சரிக்கும் ஒலியும் ஒன்றே. விமானிகள் இதை அதுவாக எடுத்துக்கொண்டனர். முகமூடியை மாட்டும் பாடம் அவர்களுக்குத் தெரியாததல்ல. அந்தப் பாடத்துக்கான அழைப்பு என்றுதான் தெரியவில்லை. நினைவிழந்தவர்களோடு பறந்த விமானம் ஏதென்ஸ் அருகே விழுந்து 121 பேர் இறந்தனர். இரண்டையும் பிரித்துக் காட்டத் தனி விளக்குகள் பின்னர் சேர்க்கப்பட்டன.

இன்னொரு பக்கம், அவசரமாகச் செய்வதே கேடாகும் சமயங்களும் உண்டு. 2015 பிப்ரவரி 4 அன்று தைபேயில் டிரான்ஸ்ஏஷியா விமானத்தின் ஒரு எஞ்சின் விசையிழந்தபோது, தலைமை விமானி நன்றாக இயங்கிய மற்ற எஞ்சினை நிறுத்திவிட்டார். 43 பேர் உயிரிழந்தனர். எஞ்சின் கோளாறில் பெரும்பாலும் சில விநாடி நிதானிக்கலாம். மனப்பாடப் படிகளைக் குறைத்து, இரு விமானிகளும் எந்த எஞ்சின் என்று பெயர் சொல்லி உறுதிசெய்தபின் கையேட்டை வாசித்துச் செய்யும் போக்கு பல நிறுவனங்களில் வலுத்திருப்பது சரியான திசை. பட்டியல் குறுகக் குறுக, மீதி இருப்பது ஆழப் பதியும்.

மணியும் ஒலித்து, பாடமும் தெரிந்திருந்து, கை அசையாமல் போனதும் உண்டு. 2010 மே 22இல் மங்களூரில் இறங்கிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் எச்சரிக்கை திரும்பத் திரும்ப ஒலித்தது. மறுபடி மேலேறச் சொன்னார் துணை விமானி. தலைமை விமானி கேட்கவில்லை; 158 பேர் இறந்தனர். மூத்தவரை மறுத்துப் பேசத் தயங்கும் நம் பழக்கம் விமான அறைக்குள் நுழையக்கூடாது. இளைய விமானி உரக்கச் சொல்வதையும், தேவையானால் கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுப்பதையும் மற்ற படிகளைப் போலவே பயிற்றுவிக்க வேண்டும்.

சின்னமனூர் விமானத்துக்கோ மலையை அறிவிக்கும் மணியும் அதற்கான பாடமும் வாய்க்கவே இல்லை. அன்று பதினைந்து வயதில் இருந்தவர்களுக்கு இப்போது எழுபதை ஒட்டிய வயது. மலையடிவார ஊர்களிலும் தோட்டங்களிலும் அந்த நாளை நினைவில் வைத்திருப்பவர்களைத் தேனி மாவட்டக் கல்லூரிகளின் வரலாற்று மாணவர்கள் தேடிப் போய்ப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு இன்னும் அதிக ஆண்டுகள் இல்லை.