பக்கத்து வயல்காரர் சொல்லும் யோசனை: எப்படி எடைபோடுவது?

நடவு முடிந்து மூன்று வாரத்தில் நெற்பயிர் மஞ்சளாகிறது. வரப்பில் நிற்பவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். "யூரியா போடுங்க", "நுண்ணூட்டம் போடுங்க", "மருந்து அடிங்க". யார் சொல்வதை நம்புவது?

அனுபவமுள்ள விவசாயியின் சொல்லை ஒதுக்க வேண்டாம். ஆனால் அவர் கண்ணால் பார்த்ததையும், அதற்கு அவராக நினைத்துக்கொண்ட காரணத்தையும் பிரித்துப் பாருங்கள். "யூரியா போட்டேன், பச்சை திரும்பியது" என்பது பார்த்தது. "மஞ்சள் என்றாலே யூரியா குறைவு" என்பது ஊகம்.

மஞ்சளுக்குக் காரணம் பல:

• தழைச்சத்துக் குறைவு: அடி இலைகள் முதலில் வெளிறும்.
• துத்தநாகக் குறைவு: அடி இலைகளில் துருப்பிடித்தது போன்ற பழுப்புப் புள்ளிகள் தோன்றும். பயிர் திட்டுத்திட்டாகக் குட்டையாக நிற்கும்.
• இரும்புச்சத்துக் குறைவு: இளம் இலைகளில் நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி வெளிறும்.
• துங்ரோ: இலை நுனியிலிருந்து ஆரஞ்சு கலந்த மஞ்சள் பரவும், பயிர் குட்டையாகும். இது பச்சைத் தத்துப்பூச்சி பரப்பும் நச்சுயிரி நோய். எந்த உரமும் இதைக் குணப்படுத்தாது.

காரணம் தெரியாமல் யூரியாவை அள்ளிப் போட்டால் காசு வீணாவதோடு, புகையான், குலைநோய் தாக்குதலும் கூடும்.

யோசனை சொல்பவரிடம் இவற்றைக் கேளுங்கள்:

1. உங்கள் வயலில் செய்து பார்த்தீர்களா, யாரோ சொல்லிக் கேட்டதா?
2. மண், ரகம், பயிரின் வயது, தண்ணீர் எல்லாம் என் வயலைப் போன்றதுதானா?
3. எந்த மருந்து அல்லது உரம், ஏக்கருக்கு எவ்வளவு, எந்த நாளில்?
4. அதைப் போடாத பாத்தி எப்படி இருந்தது?

நான்காவது கேள்விதான் முக்கியம். நட்ட பயிர் வேர் பிடித்ததும் தானாகவே பச்சை திரும்புவது உண்டு. போடாத பாத்தியும் தேறியிருந்தால், அது உரத்தின் பலன் அல்ல. சொல்பவரே அந்தப் பொருளை விற்பவராக இருந்தால், இன்னொருவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பதில் திருப்தியாக இருந்தாலும் முழு வயலிலும் இறங்க வேண்டாம். உரம், நுண்ணூட்டம் என்றால் முதலில் 5 சென்டில் போட்டு, பக்கத்துப் பாத்தியோடு ஒப்பிடுங்கள். நோய் என்று சந்தேகம் வந்தால் காத்திருக்காதீர்கள். பாதித்த தூர் இரண்டையும் நல்ல தூர் ஒன்றையும் வேரோடு பிடுங்கி, அன்றைக்கே வேளாண்மை விரிவாக்க மையத்துக்கோ, வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ கொண்டு செல்லுங்கள். நேரில் போக முடியாதவர்கள் கிசான் கால் சென்டரின் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே கேட்கலாம்.