மேல் சிறுநீர்ப் பாதைப் புற்றுநோய்: அறுவைச் சிகிச்சை முறைகள்

சிறுநீரகத்துக்குள் சிறுநீர் வந்து திரளும் இடத்திலும், அங்கிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் யூரேட்டர் என்ற குழாயிலும் வரும் புற்றுநோய் இது. சிறுநீர்ப் பாதையின் உட்தோலில் உண்டாகும் புற்றுகளில் 5 முதல் 10 சதவீதமே இந்த வகை. வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் போவதுதான் பெரும்பாலும் முதல் அறிகுறி. 'சூட்டுக்கு அப்படித்தான் போகும்' என்று இளநீர் குடித்து நாளைக் கடத்துவது ஆபத்து.

சிறுநீரகம் முதல் சிறுநீர்ப்பை வரை உட்தோல் ஒரே படலம். ஓரிடத்தில் புற்று வந்தால் அதே படலத்தில் வேறிடத்திலும் வரலாம். அதனால் தீவிரமான கட்டிக்குச் சிறுநீரகத்தையும் முழு யூரேட்டரையும் சேர்த்தே எடுக்கிறார்கள். யூரேட்டர் சிறுநீர்ப்பைக்குள் திறக்கும் வாயைச் சுற்றியுள்ள சுவரையும் வட்டமாக வெட்டி எடுப்பது இதில் முக்கியம். அந்த முனையை விட்டுவிட்டால் அங்கேயே நோய் திரும்பலாம். கட்டிக்குக் கீழே யூரேட்டரை முதலிலேயே கிளிப் போட்டு அடைப்பதும், சிறுநீர் ஒரு சொட்டும் வயிற்றுக்குள் சிந்தாமல் பார்ப்பதும், எடுத்ததைத் துண்டாக்காமல் பைக்குள் வைத்து வெளியே கொண்டுவருவதும் புற்றணுக்கள் பரவாமலிருக்கத்தான். பிறகு சிறுநீர்ப்பையைத் தைத்து, ஆறும்வரை சிறுநீர்க் குழாய் போட்டுவிடுவார்கள்.

முன்பு இதற்கு விலாவில் நீண்ட கீறல் தேவைப்பட்டது. 1991இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ரால்ஃப் கிளேமன் குழுவினர் இதை லேப்ராஸ்கோப்பியில் செய்துகாட்டினர். இப்போது ரோபோ உதவியாலும் செய்கிறார்கள்.

எல்லோருக்கும் சிறுநீரகத்தை எடுக்க வேண்டியதில்லை. கட்டி சிறியதாக, வீரியம் குறைந்ததாக இருந்தால் யூரேட்டருக்குள் கேமரா செலுத்தி லேசரால் எரிக்கலாம். யூரேட்டரின் கீழ்ப்பகுதியில் மட்டும் இருந்தால் அதை வெட்டிவிட்டு, மிச்சக் குழாயைச் சிறுநீர்ப்பையில் மறுபடி இணைக்கலாம். நீளம் போதாவிட்டால் சிறுநீர்ப்பைச் சுவரிலிருந்தே ஒரு பட்டையை எடுத்துக் குழாயாகச் சுருட்டித் தைப்பதுண்டு. இத்தாலியரான போவாரி 1894இல் நாய்களில் சோதித்த உத்தி இது. ஒற்றைச் சிறுநீரகத்தோடு வாழ்பவருக்கு இவை டயாலிசிஸைத் தவிர்க்கும் வழிகள்.

தென்காசி, இலத்தூர் வட்டாரத்துக்காரர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. குற்றாலத்து மூலிகைக் கடைகள் பேர்போனவை. நம் நாட்டு மருத்துவத்தில் புழங்கும் ஆடுதின்னாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அரிஸ்டோலோக்கியா இனச் செடிகள். அவ்வினத்தில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுத்து இந்தப் புற்றை உண்டாக்குவது உறுதியானது. பெல்ஜியத்தில் உடல் இளைக்கச் சாப்பிட்ட மாத்திரையில் இவ்வினச் செடி ஒன்று கலந்துபோய்ப் பலரின் சிறுநீரகம் செயலிழந்தது. அவர்களில் 39 பேருக்கு முன்னெச்சரிக்கையாகச் சிறுநீரகத்தையும் யூரேட்டரையும் எடுத்துப் பார்த்தபோது, 18 பேருக்குப் புற்று இருந்தது. 2000இல் அந்த ஆய்வு வெளியானது. ஆகவே அறுவைக்கு வருபவர் புகைப் பழக்கத்தோடு, குடித்த கஷாயம், சூரணங்களின் பெயரையும் மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லியாக வேண்டும்.

அறுவை முடிந்தபின் சிறுநீர்ப்பைக்குள் ஒரே ஒரு முறை மைட்டோமைசின் செலுத்தினால், அங்கே மறுபடி கட்டி வருவது முதல் ஆண்டில் 27 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைந்ததாக 2011இல் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டியது. நோய் முற்றியிருந்தால் கீமோதெரபியும் தேவைப்படும். அதன் பிறகும் குறித்த இடைவெளிகளில் சிறுநீர்ப்பைக்குள் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும். முதல் பரிசோதனை வழக்கமாக 3 மாதத்தில்.