ஒரு நாட்டின் வரலாறும் அதன் பாவ அறிக்கையும்

ஒரு நாடு தன் வரலாற்றைத் தன் இளைஞருக்கு எவ்வாறு கற்பிக்கிறது என்பதில் அந்நாட்டின் மனச்சான்று வெளிப்படுகிறது. இதுபற்றி அமெரிக்க ஐக்கிய நாட்டு உயர்நிலைப் பள்ளிகளில் எழுந்த விவாதம் இறையியல் பயிலும் நாமும் சிந்திக்கத்தக்கது.

அங்கு, பள்ளிப் பருவத்திலேயே கல்லூரித் தரத்தில் பயில விரும்பும் மாணவருக்கென 'அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்' என்னும் திட்டம் உள்ளது. 1955 முதல் 'காலேஜ் போர்டு' என்னும் அமைப்பு இதனை நடத்தி வருகிறது. அமெரிக்க வரலாறு இதில் ஒரு பாடம். 1973-இல் இப்பாடத் தேர்வில் ஆவண வினா புகுத்தப்பட்டது. கடிதம், சட்டம், சொற்பொழிவு, கேலிச்சித்திரம் போன்ற மூல ஆவணங்கள் மாணவர்முன் வைக்கப்படுகின்றன. இன்றைய தேர்வில் அவை ஏழு. எழுதியவர் யார், யாருக்கு, எந்நோக்குடன் எழுதினார் என்று ஆராய்ந்து மாணவர் தம் முடிவை நிறுவுதல் வேண்டும். திருமறையை ஆராயும்போது நாம் எழுப்பும் வினாக்களும் இவையே அன்றோ?

இவ்வாறு பயிலும் மாணவர் ஒரே நாட்டிற்கு இரு தொடக்கங்களைக் காண்கின்றனர். 1620-இல் சமய விடுதலை நாடிய பக்தர் குழு பிளிமத்தில் கரையேறியது. அதற்கு ஓராண்டு முன்னரே, 1619-இல், சிறைப்பிடிக்கப்பட்ட ஆப்பிரிக்கர் வர்ஜீனியாவிற்குக் கொண்டுவரப்பட்டிருந்தனர். திருச்சபையும் இதற்குப் புறம்பாக நிற்கவில்லை. அடிமை முறையை முன்னிட்டு 1844-இல் மெதடிஸ்டு திருச்சபையும், 1845-இல் பாப்திஸ்துகளும் வடக்கு, தெற்கு எனப் பிளவுண்டனர். அடிமைத்தளையினின்று தப்பிய பிரெடரிக் டக்ளஸ் 1852-இல் ராச்செஸ்டர் நகரில் ஆற்றிய உரையில், விடுதலை விழாக் கொண்டாடும் நாட்டையும், அடிமை முறைக்கு அரணாக நின்ற சபைகளையும் ஒருங்கே கடிந்துரைத்தார்.

2014-இல் இப்பாடத்திற்குப் புதிய வரைவு நடைமுறைக்கு வந்தது. கொலம்பஸ் வருகைக்கு முந்திய 1491-லிருந்து அது வரலாற்றைத் தொடங்கியது. நாட்டின் குறைகளையே இது மிகுத்துக் காட்டுகிறது எனக் குடியரசுக் கட்சியின் தேசியக் குழு அவ்வாண்டு ஆகஸ்டில் கண்டனத் தீர்மானம் நிறைவேற்றியது. கொலராடோ மாநில ஜெபர்சன் மாவட்டத்தில், நாட்டுப்பற்றை வளர்க்கும் நோக்கில் பாடத்தை மறு ஆய்வு செய்யப் பள்ளிக் குழுவில் முன்மொழிவு வந்தபோது, நூற்றுக்கணக்கான மாணவர் வகுப்பைவிட்டு வெளியேறினர். 2015-இல் வரைவு திருத்தப்பட்டது. நாட்டை நிறுவிய தலைவர்களுக்கும் அமெரிக்காவின் தனிச்சிறப்பு என்னும் கருத்திற்கும் கூடுதல் இடம் கிடைத்தது.

இருசாரார் கூற்றிலும் உண்மை உண்டு. நன்றியுணர்வு ஊட்டாத வரலாறு இளைஞரை வேரற்றவராக்கும்; குற்றத்தை மறைக்கும் வரலாறு அவரைப் பொய்யில் வளர்க்கும். திருமறை இதற்கு ஒரு வழி காட்டுகிறது. சாமுவேலின் இரண்டாம் நூல், பத்சேபாளை அபகரித்து உரியாவைக் கொல்வித்த தாவீதின் பாதகத்தை மறைக்காமல் உரைக்கிறது. சிறையிருப்பினின்று மீண்ட மக்களுக்கு எழுந்த நாளாகமமோ அதனைக் கூறாது, ஆலயப் பணிக்கு ஆயத்தம் செய்த தாவீதை முன்னிறுத்துகிறது. ஆயினும் தாவீது குடிமதிப்பு எடுத்த பாவத்தை அதுவும் மறைக்கவில்லை. இரு நூல்களையும் அருகருகே காத்துவந்த இறைமக்கள், ஒன்றிற்காக மற்றொன்றைக் களையவில்லை. அரசனைக் கடிந்த நாத்தான் நாட்டுப் பகைவன் அல்லன். நாட்டிற்குக் கடவுள் அருளிய தீர்க்கர்.

தென்னகப் பாப்திஸ்து பேரவை, தான் தோன்றி 150 ஆண்டுகளுக்குப் பின், 1995-இல் அடிமை முறையில் தனக்கிருந்த பங்கினை அறிக்கையிட்டு மன்னிப்புக் கோரியது. பழைய ஆவணங்களை எவரும் அழித்திருந்தால் இவ்வறிக்கைக்கு இடம் ஏது?

நம் சபைகளின் நூற்றாண்டு மலர்களைத் தொகுக்கும் ஆயர்கள் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக. ஆலயம் எழுப்பியோர் பெயர்களோடு, அவ்வாலயத்தில் சாதியின் பெயரால் தனியே அமர்த்தப்பட்டோர் கதையும் எழுதப்படட்டும். பாவமன்னிப்பைப் பிரசங்கிக்கும் நாம் நம் வரலாற்றைக் கண்டு அஞ்சவேண்டுவதில்லை. அருளை நம்புகிறவர்களே உண்மையை அறிக்கையிடத் துணிவர்.